தேவையில்லை என்றேன்

அந்தத் துண்டுத்தாளில் ஒரே ஓர் எழுத்துதான் இருந்தது. ‘போ’. மருத்துவமனையில் மருந்து வாங்கிய சீட்டின் பின்பக்கம் நீலப் பேனாவால், இடது கையால் எழுதியது. கொம்பு ஒரு மூலையில் கிடந்தது, பகரம் சற்றுத் தள்ளிச் சாய்ந்து நின்றது, கால் கீழே இறங்கித் தாளின் விளிம்பைத் தொட்டிருந்தது. மூன்றும் ஒரே எழுத்தின் துண்டுகள் என்று புரிந்துகொள்ள எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. பினாங்கிலிருந்து ஐந்து மணி நேரம் பஸ்ஸில் வந்து இறங்கியிருந்த என் அறைத்தோழன், தோள்பையைக்கூடக் கழற்றாமல் அதை என் கையில் கொடுத்தான். “வாப்பா எழுதினாரு மச்சான். பேச்சு வரல. கையைக் காட்டிப் பேனா வாங்கி எழுதினாரு” என்றான். அப்பாவைப் படுக்கையில் விட்டுவிட்டு வந்தவனின் முகமாக அது இல்லை. அழுது முடித்து, முகம் கழுவி, ஒரு நல்ல செய்தியைச் சொல்ல ஓடி வந்தவனின் முகமாக இருந்தது.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல். அவன் அந்தத் தாளை என்னிடம் காட்டியபோது, இரண்டு நாளுக்கு முன்பே நான் ஒரு காரியத்தைச் செய்து முடித்திருந்தேன். அவனுக்கு அது தெரியாது. அதற்குப் பிறகும் பல வருடங்கள் தெரியாது. அவனுடைய பெயரை இங்கே எழுதப்போவதில்லை. என் பெயர் கட்டுரையின் மேலே இருக்கிறது, அது போதும்.

நாங்கள் இருவரும் பினாங்குக்காரர்கள். தலைநகரில் இருந்த ராணுவப் பல்கலைக்கழகத்தில் அந்த வருடம் பொறியியல் பிரிவில் சேர்ந்தவர்களில் தமிழ் பேசுகிறவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். அதனாலேயோ என்னவோ ஒரே அறையில் போட்டார்கள். என் வீடு பாயான் லெப்பாஸில், தரையிறங்கும் விமானங்கள் மொட்டைமாடிக்கு மேலே வயிற்றைக் காட்டிக்கொண்டு போகும் அடுக்குமாடிக் குடியிருப்பில். அம்மா மின்னணுத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்த்தார், அப்பா தொழிற்சாலை பஸ் ஓட்டினார். அவன் வீடு ஜார்ஜ் டவுனில், குயின் ஸ்திரீட்டை ஒட்டிய ஒரு சந்தில், துணிக்கடைக்கு மேலே. அவர்கள் தமிழ் முஸ்லிம்கள். மூன்று தலைமுறையாக அதே கடை. ஒரே பிள்ளை கடையில் உட்காராமல் ராணுவத்துக்குப் போகிறேன் என்றபோது, கடையை ஒட்டி இருக்கிற பணமாற்றுக்காரர் வரைக்கும் வந்து அவன் வாப்பாவுக்குப் புத்தி சொன்னாராம். வாப்பா கேட்கவில்லை. பையன் பாலம் கட்டப் போகிறான் என்று எல்லாரிடமும் சொல்லிவிட்டார்.

விடுமுறை முடிந்து நாங்கள் திரும்பும் நாட்களில் அவனுடைய உம்மா பஸ் நிலையத்துக்கு இரண்டு பொட்டலம் கொண்டுவருவார். இரண்டும் ஒரே அளவு, ஒரே சோறு, ஒரே கறி. அவனை அணைத்து முடித்ததும் என் தலையிலும் கைவைத்து வாய்க்குள் ஏதோ முணுமுணுப்பார், துஆ என்கிற பிரார்த்தனை. முதல் தடவை எனக்குக் கூச்சமாக இருந்தது. பிறகு அவர் கைவைக்க வசதியாக நானே குனிந்து நிற்கப் பழகினேன்.

அங்கே வாழ்க்கை மணியடித்து நடந்தது. எழுவதற்கு, ஓடுவதற்கு, சாப்பிடுவதற்கு, படிப்பதற்கு எல்லாவற்றுக்கும் யாரோ ஒருவர் நேரம் குறித்து வைத்திருந்தார். சனிக்கிழமைகளில் தரையில் பழைய செய்தித்தாளை விரித்து, சப்பாத்துக்குப் பாலிஷ் போட்டபடி நாங்கள் வாய் நிறையத் தமிழ் பேசுவோம். ஓட்டத்தில் அவன் கடைசி. நான் பின்னாலேயே ஓடி, முதுகில் கைவைத்துத் தள்ளிக்கொண்டு வருவேன். கணக்கில் நான் தடுமாறுவேன், அவன் பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாக வரி வரியாகச் சொல்லிக் கொடுப்பான். வகுப்பில் அவன் முதல், நான் இரண்டாவது. அந்த இரண்டாம் இடத்தில் பாதி அவனுடையது.

ஆனால் படிப்பைத் தவிர இன்னொன்று அங்கே தேவைப்பட்டது. அது அவனிடம் இருந்தது, என்னிடம் இல்லை. மூன்றாம் வருடக் களப்பயிற்சியில் ஒரு நாள் முப்பது பேருக்கு என்னைத் தலைவனாக்கி அனுப்பினார்கள். ஓர் ஆற்றங்கரையில் வந்து நின்றோம். எங்கே கடப்பது என்று நான் சொல்ல வேண்டும். தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றேன். முப்பது பேர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. பின்வரிசையில் இருந்த அவன், குடிதண்ணீர்ப் புட்டியைத் தருகிறவன்போல முன்னால் வந்து, “இடது பக்கம் ஆழம் கம்மி, புல்லப் பாரு” என்று தமிழில் முணுமுணுத்துவிட்டுப் போனான். அதையே நான் உரக்க மலாயில் கட்டளையாகச் சொன்னேன். எனக்கு நல்ல மதிப்பெண் கிடைத்தது. அன்று மாலை அவன் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு மட்டும் அன்றிலிருந்து ஒரு பயம் வந்து உட்கார்ந்துகொண்டது. படிப்பு முடிந்ததும் தோளில் நட்சத்திரம் குத்தி எங்கேயோ ஒரு முகாமுக்கு அனுப்புவார்கள், அங்கே நிஜமான முப்பது பேர் நிற்பார்கள், புட்டியை எடுத்துக்கொண்டு முன்னால் வர யாரும் இருக்கமாட்டார்கள் என்ற பயம்.

அதனால்தான் கடைசி வருடம் அந்த அறிவிப்பு வந்தபோது எனக்கு அப்படிப் பற்றிக்கொண்டது. வழக்கமாக அதிகாரியாகிச் சில வருடம் படைப்பிரிவில் வேலை பார்த்த பிறகுதான் மேல்படிப்புக்கு அனுப்புவார்கள். அந்த வருடம் மட்டும், பால வடிவமைப்பில் முதுகலை படிக்க ஒருவரை நேரடியாக இங்கிலாந்துக்கு அனுப்பப் போகிறார்கள் என்றார்கள். ஒரே ஓர் இடம். அறிவிப்புப் பலகைக்கு முன்னால் கூட்டமாக நின்று படித்தோம். எல்லார் கண்ணும் அவன் பக்கம்தான் போயிற்று. அவன் அதை எதிர்பார்த்துக் காத்திருந்தவன்போல அன்றே ஒரு நோட்டை எடுத்து எழுதத் தொடங்கினான். வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போகும் கிராமப் பாலங்களுக்குப் பதிலாக ராணுவம் அவசரமாகப் போடுகிற இரும்புப் பாலங்கள் பற்றியது அது. கனமான லாரி ஏறும்போது அவை எப்படி அதிர்கின்றன, அந்த அதிர்வை எப்படிக் குறைக்கலாம் என்று பக்கம் பக்கமாகப் படம் போட்டான். அவனுக்கு அந்தப் படிப்பின் மேல் ஆசை. எனக்கு முகாமின் மேல் பயம். இருவரும் ஒரே விண்ணப்பப் பாரத்தை நிரப்பி ஒரே நாளில் கொடுத்தோம்.

பத்து நாள் கழித்து ஒரு வியாழக்கிழமை அவன் வாப்பா கடையில் துணி அளந்துகொண்டிருந்தபோது விழுந்தார். பக்கவாதம். வலப்பக்கம் முழுவதும் போய்விட்டது. அவன் அனுமதி வாங்கிக்கொண்டு பினாங்குக்குப் பஸ் ஏறினான். மறுநாள் காலை என்னைத் தொலைபேசியில் அழைத்தான். உயிருக்கு ஆபத்தில்லை, பேச்சுதான் வரவில்லை என்றான். கடையை மாமா பார்த்துக்கொள்கிறார், அவர்தான் பத்து வருஷமாகக் கணக்கு வழக்கெல்லாம் பார்ப்பவர், அந்தக் கவலை இல்லை என்றும் சொன்னான். இந்த மாமா விஷயத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். எனக்கும் அது நன்றாக நினைவில் இருந்தது.

அன்று வெள்ளிக்கிழமை. மதியத் தொழுகைக்கு முன்பாகக் கர்னல் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். எங்கள் துறைக்குப் பொறுப்பாக இருந்தவர் அவர், கண்டிப்பானவர், ஆனால் நியாயமானவர் என்று பெயர் எடுத்தவர். அதிகாரிகளை ‘துவான்’ என்றுதான் அழைக்க வேண்டும். விறைப்பாக நின்று வணக்கம் வைத்தேன். உட்காரச் சொன்னார். அது வழக்கமில்லை. இடத்துக்கு உன் அறைத்தோழனைத்தான் பரிந்துரைக்க நினைக்கிறேன், ஆனால் அவன் வீட்டில் ஏதோ பிரச்சினை என்று கேள்விப்பட்டேன், உனக்குத்தான் அவனை நன்றாகத் தெரியும், நிலைமை எப்படி என்று மலாயில் கேட்டார். அவர் குரலில் அக்கறைதான் இருந்தது.

“அவங்க அப்பாவுக்குப் பக்கவாதம், துவான். வலப்பக்கம் போயிடுச்சு. பேச்சு இல்ல. வீட்டுக்கு ஒரே பையன். ஒரு துணிக்கடை இருக்கு.”

இவ்வளவுதான் சொன்னேன். மலாயில் சொன்னதைத் தமிழில் எழுதியிருக்கிறேனே தவிர ஒரு சொல்லும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. ஒன்றுகூடப் பொய் கிடையாது. மாமாவைப் பற்றிச் சொல்லவில்லை. கர்னல் கேட்கவும் இல்லை. அவர் பேனாவை மூடி மேசையில் வைத்தார். பாவம், அந்தப் பையனை இந்த நேரத்தில் தூர தேசத்துக்கு அனுப்பித் தொந்தரவு செய்வது சரியில்லை என்றார். பிறகு, உன் வீட்டில் எப்படி, இரண்டு வருடம் வெளியே இருக்க முடியுமா என்று கேட்டார். முடியும், துவான் என்றேன். அந்தக் குரல் ஆற்றங்கரையில் வராத குரல். அன்றைக்கு மட்டும் தெளிவாக வந்தது.

வெளியே வந்தபோது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், கேட்டதற்குப் பதில் சொன்னேன், வேறென்ன செய்திருக்க முடியும் என்று. பல வருடம் இதைச் சொல்லிக்கொண்டே ஓட்டியிருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் இல்லாமல் இருந்திருந்தால்.

ஞாயிற்றுக்கிழமை அவன் அந்தத் துண்டுத்தாளோடு வந்தான். நான் அதைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். அவன் மடித்துத் தன் அடையாள அட்டைக்குப் பின்னால் செருகிக்கொண்டான். பிறகு கட்டிலில் உட்கார்ந்து, சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்தபடியே கேட்டான்.

“கர்னலப் போய்ப் பாக்கணுமா மச்சான்? வாப்பா விஷயம் காதுல விழுந்திருக்கும். போறதுக்கு நான் ரெடின்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துடவா?”

“தேவையில்லடா,” என்றேன். “பாரம்தான் கொடுத்துட்டியே.”

“அதுவும் சரிதான் லா” என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனான்.

கர்னலின் அறை எங்கள் கட்டடத்திலிருந்து நூறு அடி தூரம்கூட இருக்காது. ஞாயிறு போயிற்று, திங்கள் போயிற்று, செவ்வாய் போயிற்று. செவ்வாய்க்கிழமை அணிவகுப்பின்போது கர்னல் எங்களைக் கடந்து போனார். அவனைப் பார்த்து நின்று, அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்டார். உயிர் தப்பிவிட்டார், துவான் என்றான் அவன். கர்னல் அவன் தோளைத் தட்டிவிட்டுப் போனார். இரண்டு பேரும் ஒரே விஷயத்தைப் பேசுவதாக அவனும் நினைத்தான், அவரும் நினைத்தார். நடுவில் நான் நெஞ்சை நிமிர்த்தி, நேரே பார்த்துக்கொண்டு நின்றேன். அணிவகுப்பில் அப்படித்தான் நிற்க வேண்டும்.

புதன்கிழமை பட்டியல் ஒட்டினார்கள். அதில் என் பெயர் இருந்தது. அவன் இரண்டு முறை படித்தான். அவன் திரும்பி என்னைக் கட்டிப் பிடித்து முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தான். “பினாங்குக்காரன்தான் போறான், வேற எவனும் போகலல்ல, அது போதும்” என்றான். அன்று மாலை அவன் கழிவறையில் நெடுநேரம் இருந்தான், குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. இரண்டு நாள் கழித்து அந்த நோட்டை என் மேசையில் வைத்தான். இதை வைத்துக்கொண்டு முகாமில் நான் என்ன செய்யப்போகிறேன், நீயாவது பயன்படுத்து என்றான். நான் வாங்கிக்கொண்டேன். இந்தக் கட்டுரையில் நான் எழுதியதிலேயே எழுதக் கஷ்டமான வாக்கியம் அதுதான்.

ராணுவக் கல்வி முடித்த கையோடு ஒருவனைத் தனியாகப் படிக்க அனுப்புவது எப்படிப்பட்டது என்று அப்போது எனக்குத் தெரியாது. இங்கிலாந்தின் வடக்கே ஒரு ஈரமான நகரம். நாலு வருடம் எழுப்பி விட்டவர்கள் யாரும் அங்கே இல்லை. நானோ ஐந்து மணிக்கே எழுந்து, போர்வையை மடிப்புக் கலையாமல் இழுத்துக் கட்டி, அதன் விளிம்பில் உட்கார்ந்துகொண்டு விடிவதற்குக் காத்திருப்பேன். கூடப் படித்தவர்களுக்கு நான் சிப்பாய். பேராசிரியர் கேள்வி கேட்டால் எழுந்து நின்றுவிடுவேன், அவர்கள் சிரிப்பார்கள். இங்கே ஊரில் என்னோடு அதிகாரியானவர்களுக்கு நான் மாணவன். அவர்கள் முகாம் கதைகளை எங்கள் மின்னஞ்சல் குழுவில் எழுதுவார்கள், எனக்கு அதில் சொல்ல ஒன்றும் இருக்காது. நான் படித்தது அவனுடைய நோட்டிலிருந்த கேள்வியைத்தான். எனக்கென்று ஒரு கேள்வி இருந்ததில்லை. ஆய்வேட்டின் முன்பக்கத்தில் நன்றி என்று போட்டு அவன் பெயரை முதலாவதாக எழுதினேன். அதைப் படம் பிடித்து அவனுக்கு அனுப்பினேன். அவன் அதை உம்மாவிடம் காட்டினானாம். வாப்பாவிடமும் காட்டினானாம், அவர் விரலால் அந்தப் பெயரைத் தொட்டுப் பார்த்தாராம்.

அவன் பொறியாளர் படையில் ஒரு முகாமுக்குப் போயிருந்தான். அந்த வருடக் கடைசியில் கிழக்குக் கரையில் பெரிய வெள்ளம். ஒரு கிராமத்துக்குப் போகும் ஒரே பாலம் உடைந்தபோது, அவனுடைய ஆட்கள் இரண்டு பகலில் இரும்புப் பாலம் போட்டுக் கொடுத்தார்கள். படம் அனுப்பியிருந்தான். இடுப்பளவு சேற்றில் நிற்கிறான், சுற்றி முப்பது பேர், ஒரு கிழ சார்ஜன்ட் அவன் தோளில் கைபோட்டுச் சிரிக்கிறார். பாலம் லாரி ஏறும்போது ரொம்ப ஆடுகிறது, உன் கணக்கில் இதற்கு வழி இருக்கிறதா என்று கீழே கேட்டிருந்தான். ‘உன் கணக்கு’ என்று எழுதியிருந்தான். நான் கணக்குப் போட்டு அனுப்பினேன். கட்டில் விளிம்பில் உட்கார்ந்து அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது எனக்குப் பொறாமை வந்தது. அவனுக்குரியதை எடுத்துக்கொண்டவன் நான். அவனிடம் மிச்சமிருந்ததன் மேலும் பொறாமைப்பட என்னால் முடிந்தது.

திரும்பி வந்ததும் தலைமையகத்தில் பால வடிவமைப்புக்கு என்று இருந்த ஒரே பதவியில் என்னை உட்கார வைத்தார்கள். கீழே ஆட்கள் கிடையாது, ஒரு மேசையும் கணினியும்தான். நான் பயந்த முப்பது பேர் என் வாழ்க்கையில் வரவே இல்லை. கூட்டங்களில் யாராவது ஒரு மூத்த அதிகாரி, நீ எந்தப் படைப்பிரிவில் ஆட்களை நடத்தினாய் என்று கேட்பார். எதிலும் இல்லை, துவான் என்பேன். அதற்குப் பிறகு அவர் என்னிடம் பேசும் விதம் மாறிவிடும்.

அவன் மேல்படிப்புக்கு மூன்று தடவை மனு போட்டான். முகாமில் அவனுடைய மேலதிகாரிகள் நல்லபடியாகவே எழுதி அனுப்பினார்கள். மூன்று தடவையும் ஒரே பதில். அந்தத் துறையில் முதுகலை படித்த அதிகாரி ஒருவர் ஏற்கெனவே இருக்கிறார், அந்தப் பதவி நிரம்பியிருக்கிறது, இப்போதைக்கு இன்னொருவர் தேவையில்லை. அந்தப் பதவி நான். மூன்றாம் தடவை அவன் அந்தக் கடிதத்தை எனக்கு அனுப்பி, ‘எழுந்திரி மச்சான், நாற்காலி எனக்கு வேணும்’ என்று கிண்டலாக எழுதியிருந்தான். நான் சிரிக்கிற பொம்மை ஒன்றைப் பதிலாக அனுப்பினேன்.

கட்டாயச் சேவை பத்து வருடம். முடிந்த மாதமே நான் வெளியே வந்துவிட்டேன். பாயான் லெப்பாஸில், அம்மா முன்பு வேலை பார்த்த இடத்துக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு கணினிச் சில்லுத் தொழிற்சாலை என்னை எடுத்துக்கொண்டது. அங்கேயுள்ள இயந்திரங்கள் ஒரு லாரி வெளியே போனாலும் அதிர்ந்து கெட்டுப்போகும். அவை அதிராதபடி தரை போட அதிர்வு தெரிந்தவன் தேவை. வெள்ளத்தில் கிராமத்துக்காரர்கள் கடப்பதற்காக அவன் நோட்டில் தொடங்கிய படிப்பு அப்படி ஒரு குளிர்சாதனக் கட்டடத்துக்குள் போய்ச் சேர்ந்தது. என் நாற்காலி காலியானபோது அவன் நான்காம் தடவை மனு போட்டான். அதற்குள் வயது வரம்பு தாண்டியிருந்தது.

அதன் பிறகு அவனும் அதிக நாள் அங்கே இருக்கவில்லை. வாப்பா இறந்தார். மாமாவுக்கும் வயதாகிவிட்டது. மேஜராகும் தறுவாயில் சேவையை முடித்துக்கொண்டு வந்து கடையில் உட்கார்ந்தான். பையன் பாலம் கட்டப் போகிறான் என்று அவன் வாப்பா சொல்லி வைத்திருந்த அதே மனிதர்களுக்குத் துணி அளந்து கொடுக்கிறான். என்னைப் பார்த்தால் அதே மச்சான்தான். நோன்புப் பெருநாளுக்கு உம்மா செய்த பிரியாணியைத் தானே பாயான் லெப்பாஸுக்குக் கொண்டுவந்து, என் அம்மாவோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசிவிட்டுத்தான் போவான். தீபாவளிக்கு என் மனைவிக்கும் மகளுக்கும் அவன் கடையிலிருந்துதான் துணி.

போன வருடம் அவன் கடைக்குக் கர்னல் வந்தார். மகள் கல்யாணத்துக்குத் துணி எடுக்க வந்த ஒரு வயதான மனிதர், அவ்வளவுதான். ஓய்வுபெற்று வெகுநாள் ஆகியிருந்தது. அவன்தான் அடையாளம் கண்டுகொண்டு நாற்காலி போட்டான். தேநீர் குடித்தபடி பழைய கதை பேசியபோது கர்னல் வருத்தத்தோடு சொன்னாராம், உன்னைத்தான் அனுப்பியிருக்க வேண்டும், உன் நண்பன் உன் அப்பாவின் நிலைமையைச் சொன்னதால்தான் உனக்குத் தொல்லை தர வேண்டாம் என்று விட்டேன் என்று. இப்போதும் நல்லது செய்ததாகவே அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

அவன் என்னைக் கடைக்கு வரச் சொன்னான். ஞாயிற்றுக்கிழமை காலை மார்க்கெட் ஸ்திரீட்டில் காரை நிறுத்த இடம் தேடிச் சுற்றிக்கொண்டிருந்தபோதே, என்ன விஷயம் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. மாடிக்கு அழைத்துப் போனான். உம்மா உள்ளே படுத்திருந்தார். அவன் குரலை உயர்த்தவில்லை.

“அன்னைக்குக் கர்னல்கிட்ட என்ன சொன்ன?”

நான் வார்த்தைக்கு வார்த்தை சொன்னேன். பதினெட்டு வருடமாக மனப்பாடமாக இருந்ததால் தடங்கல் இல்லாமல் வந்தது.

“பொய் ஒண்ணும் இல்லையே,” என்றான். “கேட்டாங்க, சொன்ன. எனக்கு ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். பரவால்ல விடு. அந்த வயசுல நானா இருந்தாலும் முழிச்சிருப்பேன்.”

அவன் எழுந்து போய் இரண்டு கோப்பை தேநீர் கொண்டுவந்தான். நான் குடித்தேன். அவன் என்னை மன்னித்துவிட்டான் என்பது புரிந்தது, எதை மன்னித்தான் என்பதும் புரிந்தது. வெள்ளிக்கிழமையை மன்னித்தான். ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு நினைவில்லை. சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு, குளிக்கப் போகும் அவசரத்தில் கேட்ட ஒரு கேள்வி. அதை யார் நினைவில் வைத்திருப்பார்கள்? அப்படியே விட்டிருந்தால் அது என்னோடு போயிருக்கும். படி இறங்கும்போது உம்மா உள்ளேயிருந்து என் பெயரைச் சொல்லி, வந்துட்டுச் சொல்லாமப் போறியா தம்பி என்று கேட்டார். உள்ளே போய்க் குனிந்து நின்றேன்.

நான்கு மாதம் தாங்கினேன். இந்த வருடத் தொடக்கத்தில், வேலை முடிந்து ஒரு மாலை நேராகக் கடைக்குப் போனேன். அவன் புதிதாக வந்த துணிகளுக்கு விலைச்சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தான். வேறு யாரும் இல்லை. நின்றுகொண்டே சொன்னேன். அந்த ஞாயிற்றுக்கிழமை நீ போய்ப் பார்க்கவா என்று கேட்டாய், நான் தேவையில்லை என்றேன், தெரிந்துதான் சொன்னேன், பட்டியல் போட இன்னும் மூன்று நாள் இருந்தது என்றேன். மாமா இருந்ததை மறைத்ததையும் சொன்னேன். ஆற்றங்கரையிலிருந்து தொடங்கிய பயத்தையும் சொல்லப் பார்த்தேன், அது சமாதானம் சொல்வதுபோல இருந்ததால் நிறுத்திக்கொண்டேன்.

அவன் கையிலிருந்த துணிக்குச் சீட்டு ஒட்டி முடித்து அடுக்கில் வைத்தான். இன்னொன்றை எடுத்தான். அதையும் வைத்தான். என் முகத்தைப் பார்க்கவில்லை.

“உம்மாகிட்ட சொல்லிடாத,” என்றான். “அவங்க இன்னும் உன் பேரச் சொல்லி துஆ கேக்குறாங்க.”

அப்போது வாசலில் ஒரு அம்மாள் வந்து நின்றார். வாங்கக்கா, என்ன பாக்குறீங்க என்று அவரிடம் திரும்பிவிட்டான். நான் கொஞ்ச நேரம் நின்றேன். அவன் துணிகளை ஒவ்வொன்றாக விரித்துக் காட்டிக்கொண்டே இருந்தான். அந்த அம்மாள் எதையும் வாங்காமல் போன பிறகும், விரித்ததையெல்லாம் மறுபடி மடித்துக்கொண்டிருந்தான். நான் வெளியே வந்தேன்.

அதற்குப் பிறகு நாங்கள் பேசவில்லை. நான் அழைத்தேன், அவன் எடுக்கவில்லை. மூன்று தடவைக்கு மேல் அழைக்கவில்லை, அந்த எண்ணிக்கை எனக்கே உறுத்தியது. இந்த வருட நோன்புப் பெருநாளன்று மதியம் வாசலில் மணி அடித்தது. மோட்டார் சைக்கிளில் உணவு கொண்டுவரும் ஆள் ஒருவர் ஒரு பெரிய பையை நீட்டினார். உள்ளே உம்மாவின் பிரியாணி, எப்போதும்போல நாலு பேருக்கு. அம்மா பையை வாங்கிக்கொண்டு, அந்த ஆளின் பின்னால் எட்டிப் பார்த்தார். அவன் ஏன் வரவில்லை என்று கேட்டார். கடையில் கூட்டமாக இருக்கும்மா என்றேன். பெருநாளன்று அந்தக் கடையைத் திறப்பதில்லை என்பது அம்மாவுக்கும் தெரியும். அவர் சமையலறைக்குப் போய்த் தட்டுகளை எடுத்து வைத்தார்.